டைரக்டர் வீட்டுப் பவளம்

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. டைரக்டர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, அதை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று திணறிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து "சரிங்க சார்" வந்து சேர்ந்துவிடும். ஒருமுறை டைரக்டர் தும்ம வாயைத் திறந்ததற்கே சரிங்க சார் சொல்லிவிட்டதாகக் கணக்காளர் ஊரெல்லாம் பரப்பினார். அது அபாண்டம். தும்மி முடித்த பிறகுதான் சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கும் மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. டெஸ்பாட்ச் மேனேஜர் நாற்காலி காலியாகக் கிடந்தது. நாற்காலிதான் காலியே தவிர, வேலையை ஆமாஞ்சாமிதான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பெட்டிக்கட்டு லாரியில் அடியில் போகணும், எது மேலே போகணும், எந்த டிரைவருக்கு மழைநாளில் தார்ப்பாயைப் பற்றி ஞாபகப்படுத்தணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வேலையும் திட்டும் இவருக்கு, பதவி யாருக்கோ என்று வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாற்காலி மேல் கணக்காளருக்கும் ஒரு கண். கணக்காளருக்கு லாரியின் எந்தப் பக்கம் கதவு இருக்கும் என்றுகூடத் தெரியாது. ஆனால் டைரக்டரின் நகைச்சுவைக்கு யார் முதலில் சிரிப்பது என்ற போட்டியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்த நிலைமையில்தான் டைரக்டருக்கு ரத்த அழுத்தம் வந்தது. "உங்க அதிகாரம் செல்லாத எதையாவது தினமும் கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிட்டு இருங்க சார்" என்றார் டாக்டர். வானத்தைச் சொல்லியிருக்கிறார் போலும். டைரக்டர் ஒரு பவளத் தொட்டி வாங்கிவிட்டார். ஆள் உயரத்துக்குப் பாதி நீளம், நீல விளக்கு, அலை கிளப்பும் பம்பு, உப்புத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். வாங்கின நாளிலிருந்து தொட்டிக்குள் கையை விட்டு எல்லாவற்றையும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

டைரக்டர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற சமயம் வந்தது. பெயின்ட் வாசம் பவளத்துக்கு ஆகாது. போதாக்குறைக்கு டைரக்டர் புது இயந்திரம் பார்க்க வெளிநாடு கிளம்பினார். ஆமாஞ்சாமியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் தொட்டியை உன் வீட்ல..."

"சரிங்க சார்."

"இருய்யா, சொல்லி முடிச்சுக்கறேன். ஒரு உயிரைப் பாத்துக்கத் தெரிஞ்சவன் ஒரு டிபார்ட்மென்டையும் பாத்துக்குவான். நான் என்ன சொல்றேன்னு புரியுதா?"

புரிந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகத்தான் ஆமாஞ்சாமிக்குத் தோன்றியது. அறையை விட்டு வெளியே வந்தபோது கணக்காளரின் முகம் கறுத்திருந்ததைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவி, கூடத்தில் சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தில் ஒரு கடல் நிற்பதைப் பார்த்தாள். கண் ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். எதையும் பார்த்தவுடன் அலறுகிற வழக்கமில்லை. கைப்பையை மாட்டிவிட்டு வந்து கேட்டாள்.

"மேஜை எங்க?"

"பால்கனியில."

"நாம எங்க சாப்பிடறது?"

"கொஞ்ச நாளைக்கு நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கலாம். ஜீரணத்துக்கு ரொம்ப நல்லதாம்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"டைரக்டர் சொன்னாரு."

காலேஜில் படிக்கிற மகளுக்கும் பரீட்சைக்குப் படிக்க அந்த மேஜைதான். அவள் புத்தகங்களைக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது, "அப்பா, நாங்க இருக்கலாமா, இல்ல நாங்களும் பால்கனிக்குப் போயிடணுமா?" என்று கேட்டாள். வீட்டில் ஆமாஞ்சாமிக்கு அந்தப் பெயர் செல்லாது. வீட்டில் அவர்தான் டைரக்டர். "வாயை மூடிக்கிட்டுப் படி" என்றார்.

தொட்டியில் பாறை மேல் என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் டைரக்டரின் செல்லம் மணலில் கிடந்த தட்டுப் பவளம்தான். பெயர் பொருத்தமான பெயர். காபித் தட்டு அளவில் வட்டமாக, பச்சையாக, ஓரத்தில் ஊதா பூசி, நடுவில் ஒரு கோடு கிழித்த மாதிரி வாயோடு மல்லாந்து கிடந்தது. வேரில்லை, ஒட்டில்லை. அடியில் கல்லான எலும்பு, மேலே மெல்லிய சதை, அவ்வளவுதான் உடம்பு. நல்ல நேரமாக இருந்தால் தண்ணீரைக் குடித்து மெத்தைத் திண்டு மாதிரி உப்பிக்கொள்ளும். மனசு சரியில்லை என்றால் சுருங்கி எலும்பைக் காட்டும். பேசாத ஜீவன், அதற்குத் தெரிந்த பாஷை உப்புவதும் சுருங்குவதும்தான்.

டைரக்டர் போய் இறங்கிய மறுநாளே வீடியோ அழைப்பு வந்துவிட்டது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

"இடது பக்கம் கொஞ்சம் தள்ளு. அதிகமாப் போச்சுய்யா. திருப்பிக் கொண்டா. இப்ப பாறைக்குப் பக்கத்துல. வேணாம், வேணாம், நடுவுல."

ஆமாஞ்சாமி ஒரு கையில் போனும் மறு கை முழங்கை வரை உப்புத் தண்ணீரிலுமாக நின்றார். பவளத்தின் மேல் மணல் துகள் விழுந்திருந்தால் பெயின்ட் பிரஷ்ஷால் துடைக்கச் சொல்லி உத்தரவு. பம்பு வேகத்தைக் கூட்டு, குறை. இறால் துணுக்கை வாயில் வை. சாப்பிடவில்லையா, இன்னும் ஒன்று வை. டைரக்டர் தான் அங்கே பார்க்கிற இயந்திரத்தைப் பற்றிக்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இதை யாரும் அடிக்கவில்லை, தானே நகர்ந்தது. இரவில் நடுவில் வைத்தால் காலையில் முன்மூலையைப் பார்த்து ஒரு விரற்கடை போயிருக்கும். ஆமாஞ்சாமி பதறிப்போய் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார். மறுநாள் மறுபடியும் கிளம்பியிருக்கும்.

மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். "அது நடக்குமாம்ப்பா. உப்பி உப்பி மெதுவா நகர்ந்து, தனக்குப் பிடிச்ச இடத்தை அதுவே தேடிக்குமாம்."

"பிடிச்ச இடமா? அது டைரக்டரோட பவளம். அவர் சொன்ன இடம்தான் அதுக்குப் பிடிச்ச இடம்."

ஒரு நாள் காலை அது நன்றாக உப்பியிருந்த வேளையில், "வெளிய எடுத்துத் திருப்பிக் காட்டு, அடிப்பக்கம் பாக்கணும்" என்றார் டைரக்டர். ஆமாஞ்சாமி எடுத்தார். தண்ணீருக்குள் இருந்தவரை இலகுவாக இருந்த சதை, வெளியே வந்ததும் குடித்த தண்ணீரின் பாரம் தாங்காமல் ஈரத்துணியாகத் தொங்கியது. ஓரத்தில் கிழிந்தது. கிழிந்த இடத்தில் வெள்ளை எலும்பு தெரிந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. ஆமாஞ்சாமி அவசரமாக அதைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

"என்னய்யா அது வெள்ளையா?"

"விளக்கு வெளிச்சம் சார்."

அன்றைக்கே பவளம் விற்கிற கடைக்கு ஓடினார். கடைக்காரர் கிழிசலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்று புட்டிகளை எடுத்து வைத்துவிட்டார். ஒன்று சதைக்கு, ஒன்று எலும்புக்கு, மூன்றாவது முதல் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்க. வாங்கி வந்து ஊற்றினார். பவளம் இன்னும் சுருங்கியது. வெள்ளை இன்னும் அகலமானது. பவளம் செத்துப்போனால் பதவியும் கூடவே போகும். அந்தப் பயம் ஒருபக்கம் இருக்க, அதைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாகவும் இருந்தது. பாவம் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு இறால் துணுக்கைப் போட்டார்.

"கட்டுப் போட்ட கண்ணைத் தினமும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா ஆறுமா?" என்றாள் மனைவி, சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டே.

"நீ என்ன பவளத்துக்கு நர்ஸா?"

"உங்களுக்கு இருக்கேனே, அது போதும்."

அப்போதுதான் டைரக்டர் மலைமேல் இருக்கிற ஏதோ தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். அங்கே சிக்னல் இல்லை. காலையில் ஆமாஞ்சாமி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். போன் அடிக்கவில்லை. கை தொட்டி வரைக்கும் போகும், திரும்பி வந்துவிடும். உத்தரவில்லாமல் எப்படித் தொடுவது? இடதா, வலதா, பாறைக்குப் பக்கமா, யார் சொல்வார்கள்? சாயங்காலமும் அப்படியே நின்றுவிட்டு வந்தார். குறைந்த தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்றுவது, விளக்கைப் போட்டு அணைப்பது என்று முன்பே உத்தரவாகியிருந்த வேலைகளை மட்டும் செய்தார். மற்றபடி ஒரு விரலும் உள்ளே போகவில்லை. கருணையால் இல்லை, கீழ்ப்படிதலால்தான். நல்ல காரியம் எந்த வாசல் வழியாக வேண்டுமானாலும் நுழையும்.

பவளம் முன்மூலைக்கு நடந்தது. அங்கே போய் நின்றது. பிறகு, டைரக்டர் இன்னும் மலையை விட்டு இறங்காத ஒரு காலையில், ஆமாஞ்சாமி பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவர் பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டு நின்றார். அது உப்பியிருந்தது. வெள்ளையைச் சுற்றிப் பச்சை திரும்பி வர ஆரம்பித்திருந்தது. ஓரத்து ஊதா நுனிகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

"ஏய், இங்க வா! வந்து பாரேன்!" என்று வாயில் நுரையோடு கத்தினார். மனைவியும் மகளும் ஓடிவந்தார்கள். யாருக்கோ மயக்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்று பேரும் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. மேஜையை எடுத்த பிறகு என்று மட்டும் சொல்ல முடியாது. மேஜை இருந்தபோதும் ஆமாஞ்சாமி சாப்பிட்டுக்கொண்டே ஆளுக்கு ஒரு உத்தரவு போட்டு எழுப்பிவிடுவார்.

சிக்னல் திரும்பி வந்தது. "என்னய்யா, மூலைக்குப் போயிடுச்சு? நடுவுக்குக் கொண்டா!"

ஆமாஞ்சாமியின் வாய் "சரிங்க சார்" என்றது. கை தண்ணீர் வரை போய் நின்றது. போனுக்குப் பின்னாலிருந்த மனைவி, உதடு மட்டும் அசைகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அதை ஏன் நகர்த்தறீங்க? போனை நகர்த்துங்க."

ஆமாஞ்சாமி போனை மெல்ல நகர்த்தினார். திரையில் மூலை மறைந்தது, பவளம் நடுவுக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... ம், நில்லு! அதான், அதான் இடம்! இதுக்குத்தான் சொல்றது, பாக்கிறவன் பாத்துச் சொன்னா எல்லாம் சரியாகும்."

"சரிங்க சார்."

அன்றிலிருந்து அந்தத் தட்டுப் பவளம் டைரக்டரின் திரையில் தொட்டி முழுக்கச் சுற்றுப்பயணம் செய்தது. பாறைக்குப் பக்கத்தில் போனது, பின்னால் போனது, ஒருநாள் அரை அங்குலம் உயர்ந்துகூட நின்றது. நிஜத்தில் முன்மூலையை விட்டு அசையவில்லை. பிரஷ்ஷால் காற்றைத் துடைத்தார். புட்டிகள் சமையலறை சிங்க்கில் காலியாயின. இத்தனை வருஷம் உண்மையாக உழைத்துக் கிடைக்காத பாராட்டு, இந்தப் பித்தலாட்டத்துக்குத் தினம் இரண்டு வேளை கிடைத்தது.

ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் நேராகக் கண்ணாடி முன்னால்தான் உட்காருவார். எதுவும் செய்ய மாட்டார், பார்ப்பார். டாக்டர் டைரக்டருக்குச் சொன்ன மருந்து இவருக்கு வேலை செய்தது. ஒரு நாள் கிழிசல் முழுக்க மூடியிருந்ததைக் கண்டு கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் தானாக எடுத்த முடிவால் பிழைத்த ஒரே ஜீவன் இதுதான் என்று தோன்றியது. அதை மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

டைரக்டர் திரும்பி வந்தார். தொட்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். படம் எடுக்கக் கணக்காளரையும் கூட்டி வந்தார். கணக்காளர் ஓரமாக, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், சாவு வீட்டுக்கு வந்தவர் போல நின்றார்.

பவளம் அன்றைக்குப் பார்த்து முழுசாக உப்பி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து கிடந்தது. டைரக்டர் வாயைப் பிளந்தார்.

"பாத்தியாய்யா! நான் இருக்கறப்பகூட இப்படி இருந்ததில்ல. எங்கேயோ மலை மேல இருந்துக்கிட்டு, இவ்வளவு தூரத்துலருந்து நடத்தியிருக்கேன்! இதான் மேனேஜ்மென்ட். எழுதிக்கய்யா."

கணக்காளர் எழுத ஒன்றுமில்லாமல் தலையை ஆட்டினார்.

எப்படியோ ஆமாஞ்சாமியின் வாயிலிருந்து உண்மை வெளியே வந்துவிட்டது. "நான் ஒண்ணுமே செய்யலை சார். சும்மா விட்டுட்டேன்."

டைரக்டர் அவர் தோளில் தட்டினார். "கேட்டியா? எவ்வளவு அடக்கம்! நான் சொன்னதை எல்லாம் செஞ்சுட்டு, ஒண்ணுமே செய்யலைங்கறான். திங்கக்கிழமையிலருந்து நீதான்யா டெஸ்பாட்ச் மேனேஜர்."

கணக்காளர் சிரிக்க முயன்றார், அவருக்கே வரவில்லை. சமையலறை வாசலில் நின்ற மனைவி கணவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவர் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாருக்கும் தலையாட்டினார் என்று அவளுக்குத் தெரியும். கோபமெல்லாம் போய், பாவம், கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

"ஒரு படம் எடுத்துடுவோம்" என்று டைரக்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். "கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. கம்பெனி காலண்டர்ல போடலாம்."

"வேணாம் சார்" என்று ஒரு குரல் கேட்டது.

டைரக்டர் கணக்காளரைத் திரும்பிப் பார்த்தார். கணக்காளர் தான் இல்லை என்று அவசரமாகக் கையை ஆட்டினார். ஆமாஞ்சாமியின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அதனால் அது அவருடையதாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இப்ப தண்ணி குடிச்சு உப்பியிருக்கு சார். வெளிய எடுத்தா பாரம் தாங்காது, கிழிஞ்சிடும். அது சுருங்கினப்புறம் எடுக்கலாம்."

"அட, ஒரு நிமிஷம்யா. என் பவளம், எனக்குத் தெரியாதா?"

டைரக்டரின் கை தண்ணீருக்குள் இறங்கியது. விரல்கள் மணலைத் தோண்டிக்கொண்டு பவளத்துக்கு அடியில் போயின. அதன் ஓரம் மடங்கியது. ஆமாஞ்சாமி யோசித்தாரா என்றால் இல்லை. யோசித்திருந்தால் திங்கட்கிழமை ஞாபகம் வந்திருக்கும். சட்டைக் கையைக்கூடச் சுருட்டாமல் தண்ணீருக்குள் கையை விட்டு, டைரக்டரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"கையை விடு" என்றார் டைரக்டர், தாழ்ந்த குரலில்.

"சரிங்க சார்" என்றார் ஆமாஞ்சாமி. விடவில்லை.

"விடுய்யாங்கறேன்!"

"சரிங்க சார்." பிடி இன்னும் இறுகியது. கணக்காளர் எங்கிருந்தோ வந்த உற்சாகத்தோடு, கிடைத்த கோணத்திலெல்லாம் படம் எடுத்துத் தள்ளினார்.

மனைவி ஒரு துண்டோடு வந்தாள். டைரக்டரிடம் நீட்டினாள். "கையை வெளிய எடுத்துத் துடைச்சுக்கங்க சார். உப்புத் தண்ணி, அரிக்கும்."

டைரக்டரின் விரல்கள் விரிந்தன. கை வெறுமனே வெளியே வந்தது. அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. துண்டை வாங்காமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"என் தொட்டிக்குள்ள என் கையைப் பிடிக்கிறியா? உனக்கெல்லாம் டெஸ்பாட்ச் ஒரு கேடா? இந்தச் சனியனை நீயே வச்சுக்கிட்டு அழு!"

ஆமாஞ்சாமி வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பதிலைச் சொன்னது மேஜையைப் பறிகொடுத்து, நின்றபடியே சாப்பிட்டு, அந்தத் தொட்டியைத் தினம் சபித்த மனைவி.

"சரிங்க சார்" என்றாள்.

அவர்கள் போய்விட்டார்கள். மாடிப்படி இறங்கும்போதே கணக்காளர் டெஸ்பாட்ச் பிரிவில் செய்யவேண்டிய மாற்றங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது மேலே வரை கேட்டது. ஆமாஞ்சாமி தரையில் உட்கார்ந்து அழுதார். பதவி போனதற்காகத்தான் அழுதார், அதில் சந்தேகமில்லை. மனைவி அவர் நனைந்த சட்டைக் கையை அந்தத் துண்டாலேயே துடைத்துவிட்டாள்.

தொட்டியில் பவளம் பயந்து சுருங்கிக் கிடந்தது. கிழியவில்லை. மகள் கண்ணாடியில் நெற்றியை வைத்து ஓரமெல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலைப்பா" என்றாள். அவர் அழுதுகொண்டே, "யாரும் தொடாதீங்க" என்றார்.